ஆளற்ற பொட்டல்

சென்னை – 83
16.4.1990

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி காசிமாயன் எழுதுவது.

நானும் செல்லக்கிளியும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். மாசித் திருநீறு கடிதத்தோடு பத்திரமாக வந்தது. செல்லக்கிளி அதைச் சாமி படத்துக்குக் கீழே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். நான் ஊருக்கு வராவிட்டாலும் வருடம் தவறாமல் என் பங்கை வாங்கி அனுப்பிவிடுகிறாய். அந்த வகையில் எனக்குக் குறையே இல்லை.

ஒரு நல்ல செய்தி. நம் நாவலோடைப்பட்டிப் பொட்டலில் இருந்த ஹெலிகாப்டர் தளத்தைக் காலி செய்துவிட்டது உனக்கே தெரியும். சிலோனுக்குப் போன படை திரும்பிவிட்டதால் அதன் வேலை முடிந்தது. இப்போது அந்தத் தளத்தின் வரலாற்றை ஒரு மலராகக் கொண்டுவரப் போகிறார்கள். ஓய்வு பெற்ற பெரிய அதிகாரிகள் சேர்ந்த குழு அது. தமிழ்ப் பகுதியை எழுத யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் தெரியுமா? நிலமெடுப்புத் தாசில்தாராக இருந்து அந்த இடத்தை எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில் என்னை. ரிட்டையர் ஆன பிறகு யாரும் சீண்டமாட்டார்கள் என்று செல்லக்கிளி சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டாள்.

நீ வேலிக்குப் பக்கத்திலேயே சத்துணவுக் கூடம் நடத்துகிறவள். இரண்டரை வருஷமும் கண்ணால் பார்த்தவள். தளம் வந்ததால் ஊருக்குக் கிடைத்த நன்மைகள், மக்களின் தேசபக்தி, வீரர்களோடு பழகிய இனிய அனுபவங்கள் ஆகியவற்றை விவரமாக எழுதி அனுப்பு. உன் பேரையும் நன்றியுரையில் சேர்க்கச் சொல்கிறேன்.

அன்புத் தம்பி,
வி. காசிமாயன்


நாவலோடைப்பட்டி
செக்கானூரணி வழி
29.4.1990

அன்புத் தம்பி காசிமாயனுக்கு அக்கா அன்னக்கொடி எழுதுவது.

இங்கே நாங்களும் ஆடு மாடுகளும் சுகம். மழைதான் இல்லை. செல்லக்கிளியைக் கேட்டதாகச் சொல். அவள் வாயை மூடிக்கொண்டாள் என்று எழுதியிருந்தாய். பாவம், வேறு என்ன செய்வாள்.

வரலாறு கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன், எழுதிக்கொள். அது ஹெலிகாப்டரில் ஆரம்பிக்கவில்லை. ஒரு ஜீப்பில் ஆரம்பித்தது. அந்த ஜீப்பில் சஃபாரி சட்டை போட்டு முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவன் நீ.

எண்பத்தேழு ஆடி மாதம். அன்றைக்குக் காற்று கண்ணைத் திறக்கவிடவில்லை. உன்னோடு வந்த மிலிட்டரிப் பெரியவர் பொட்டலைச் சுற்றிப் பார்த்தார். ஓர் உடைமரம், அதன் அடியில் நட்டுவைத்த இரண்டு அருவாள். வேறு என்ன தெரியும் அவருக்கு? நம் ஓடைக்கருப்புக்குக் கூரை கிடையாது, சிலை கிடையாது. மாசியில் ஒரு நாள் பூசைச் சாமான் பெட்டி வந்தால்தான் அது கோயில். மற்ற நாளெல்லாம் அங்கே யாரும் விளக்குப் போடுவதும் இல்லை, படுப்பதும் இல்லை. அது அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நம் அய்யா பெட்டியைத் தலையில் சுமந்து அந்தப் பாதையில் போகும்போது, வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியவன் நீ.

அவர் உன்னிடம் இங்கிலீஷில் கேட்டார். நீ எங்களிடம் தமிழில் கேட்டாய். "இது யாரோட நெலம்?"

மொக்கையன் பூசாரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சாமியோடதுங்கய்யா" என்றார். உன்னைப் போய் அய்யா என்றார், உன்னைத் தூக்கி வளர்த்த மனுசன்.

"அது சரி, ஒங்கள்ல யாருக்காவது பாத்தியதை உண்டா?" என்று மறுபடி கேட்டாய்.

எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள். பேயாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ஆத்தாடி, எங்களுக்கு ஏது? ஒரு கைப்பிடி மண்ணுகூட எங்களுது இல்ல. அம்புட்டும் அவனோடது" என்றான். சாமி நிலத்தைத் தன்னுடையது என்று சொன்னால் வம்சம் விளங்காது என்று பயப்படுகிற ஜனங்கள். அவர்கள் அதை எவ்வளவு பெருமையாகச் சொன்னார்கள் என்று நீயும் பார்த்தாய். பிறகு அந்தப் பெரியவரிடம் திரும்பி இங்கிலீஷில் ஒரே ஒரு வரி சொன்னாய். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

நீ சொன்னது இதுதான் என்று பிறகு தெரிந்தது: உரிமை கோருபவர் யாரும் இல்லை.

ஊரே முட்டாள் என்று ஜீப்பில் போகும்போது நினைத்திருப்பாய். எனக்கு அன்றைக்கு ஊரைப் பார்த்துக் கோபம் வரவில்லை. எல்லாம் தெரிந்த ஒருவன் அங்கே நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லையே என்றுதான் வந்தது. ராத்திரி நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாய். கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். வெட்கங்கெட்டவள் நான், இரண்டாம் தடவையும் சோறு போட்டேன்.

மறுநாள் ஊர் கேட்டபோது அந்த அருவாள் மேல் கையை வைத்து நீ சொன்னது நினைவிருக்கிறதா? "சண்டை முடிஞ்சதும் பொட்டல் நம்ம கைக்கே வந்துரும். நான் பொறுப்பு." உன்னை நம்பித்தான் ஊர் விலகி நின்றது.

சண்டை முடிந்துவிட்டது. பொட்டல் எங்கே?

அன்பு அக்கா,
அன்னக்கொடி


சென்னை – 83
14.5.1990

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உனக்கு நாக்கில் காரம் சிறு வயதிலிருந்தே உண்டு. அதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் நான் கேட்டது தளத்தின் வரலாறு. நீ எழுதியிருப்பது பட்டிக்காட்டுப் புலம்பல். இதை அச்சில் கொடுத்தால் குழுவில் உள்ளவர்கள் என்னை என்ன நினைப்பார்கள்?

நிலம் எடுப்பது என்றால் ஆயிரம் நடைமுறை இருக்கிறது. சாமி வந்து பட்டா காட்டுமா? யுத்த காலத்தில் தேசத்துக்கு இடம் தேவைப்பட்டது. அன்றைக்கு நான் குலசாமி, பெட்டி, அருவாள் என்று பேச ஆரம்பித்திருந்தால் அந்த அதிகாரி சிரித்திருப்பார். அத்தனை பேர் மத்தியில் நானும் அருவாளைக் கும்பிடுகிற கூட்டம்தான் என்று காட்டிக்கொள்ளச் சொல்கிறாயா? நான் படித்து மேலே வந்ததே அதிலிருந்து வெளியே வரத்தான்.

பொட்டல் விஷயம் மேலிடத்தில் பரிசீலனையில் இருக்கிறது. அவசரப்படக் கூடாது. நீ ஹெலிகாப்டர் வந்த நாள், மக்கள் கூடி வரவேற்றது, மருத்துவ உதவி போன்றவற்றை மட்டும் எழுது.

தம்பி,
வி. காசிமாயன்


நாவலோடைப்பட்டி
10.6.1990

அன்புத் தம்பி காசிமாயனுக்கு,

சுகம். உன் சுகத்தையும் உன் கௌரவத்தின் சுகத்தையும் அறிய ஆவல்.

நீ கேட்டபடியே எழுதுகிறேன். ஹெலிகாப்டர் வந்த நாள்: ஊரே போய் நின்றது. கட்சிக்காரர்கள் வேனில் மாலை கொண்டுவந்தார்கள். இறங்கின காற்றில் மாலையும் போயிற்று, மாலை பிடித்தவர் வேட்டியும் போயிற்று. தேசபக்தியை அன்றைக்கு முழுசாகப் பார்த்தோம். மாயக்காள் வீட்டுக் கூரை மொத்தமாகப் பெயர்ந்து கிணற்றில் விழுந்தது. அவள் மண்ணை வாரி மேலே வீசித் தூற்றினாள். அதுவும் அவள் கண்ணிலேயே வந்து விழுந்தது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் செல்லூரிலிருந்தும் ஒத்தக்கடையிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். புளிச்சோறு கட்டிக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலி ஓரம் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். சண்டைக்குப் போகிற வண்டியைப் பார்த்துக் கையாட்டினார்கள். என் மாதிரி ஆட்கள் நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் தேசத்துக்கு ஒன்றும் குறையவில்லை.

மருத்துவ உதவி கேட்டிருந்தாய். எங்களுக்கு வந்தது தூசிதான். சத்துணவுச் சாம்பாரில் தினமும் செம்மண். பிள்ளைகள் நறநறவென்று மென்றார்கள். முகாமுக்கு ஒரு மனு எழுதிப் போட்டேன். பதில் இந்தியில் வந்தது. நம் ஊரில் அதைப் படிக்க ஆள் இல்லை. பருப்பு டின்னுக்கு அடியில் விரித்துவிட்டேன்.

அந்த வருஷம் ஐப்பசிக்குப் பிறகு வண்டிகள் வேறு மாதிரி வந்தன. மதிய நேரத்தில், பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது, ஸ்ட்ரெச்சரில் ஆட்களை இறக்குவார்கள். கையாட்ட வந்த கூட்டம் அதோடு நின்றுபோயிற்று. நான் அவர்களை வைவதற்கென்றே வேலி ஓரம் போவேன். ஆனால் கண்ணில் காயத்துக்குக் கட்டுப் போட்டுக் கூட்டிவந்த ஒருத்தர் காற்றைத் தடவிக்கொண்டே நடந்ததைப் பார்த்தபோது வையமுடியவில்லை. அழுதேன். இதையும் எழுதிக்கொள், இனிய அனுபவம் என்று.

காவலுக்கு ஒரு மலையாளத்துக்காரர் நின்றார். கொஞ்சம் தமிழ் பேசுவார். சிலோனுக்குப் போய்விட்டு வந்த பிறகு பேசுவதை நிறுத்திவிட்டார். முட்டை கொடுத்தால் வாங்கமாட்டார். ஒரு நாள் நான் விடாமல் கேட்கவும், "அங்க அழுதவங்களும் நிங்க பாஷையிலதான் அழுதாங்க சேச்சி" என்றார். உன் மலரில் இதற்கு எத்தனாம் பக்கம் ஒதுக்குவாய்?

இனி நம் சாமி கதை. வந்த மாதமே அருவாள்களைப் பிடுங்கி, நம்பர் எழுதின அட்டையைக் கட்டி ஸ்டோரில் போட்டார்கள். அடுத்த மாசியில் பெட்டி எடுத்துக்கொண்டு வேலி வரைக்கும் போனோம். உள்ளே விடவில்லை. பெட்டியை வழியில் தரையில் வைக்கக் கூடாதே, என்ன செய்வது? ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு நின்றார்கள். முதல் தலை உன்னுடையதாக இருந்திருக்க வேண்டும். அது நம் அய்யா விருமாண்டி வீட்டுப் பாத்தியதை. வீட்டு ஆண்பிள்ளை சென்னையில் இருந்தான். கடைசியில் பெட்டி வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிற்று. எத்தனையோ தலைமுறையாக அப்படித் திரும்பினதில்லை. மொக்கையன் பூசாரி அன்றைக்குப் படுத்தவர், எழுந்திருக்கப் பத்து நாள் ஆயிற்று.

அதற்கடுத்த வருஷம் பாஸ் கொடுத்து உள்ளே விட்டார்கள். சாமியாடி கழுத்தில் பாஸைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆடினார். சாமிக்கு மட்டும் பாஸ் கேட்கவில்லை, அந்த மட்டில் சந்தோஷம்.

அவர்கள் அந்நியர்கள், கேட்டார்கள், செய்தார்கள். அவர்களை நான் மன்னித்தாலும் மன்னிப்பேன். உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. காலி செய்த பொட்டலை எங்களுக்குத் திருப்பித் தரச் சொல்லி ஊரில் மனுக் கொடுத்திருக்கிறோம். "கோயில் இருந்ததுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கிறார்கள். கட்டடம் இல்லை, கல்வெட்டு இல்லை. ஆனால் நிலத்தை எடுத்துக் கொடுத்த தாசில்தாரே ஒரு வரி எழுதினால் யார் மறுக்க முடியும்? "இது ஓடைக்கருப்பு கோயில் பொட்டல், மாசிதோறும் பெட்டி வரும் இடம்." இந்த ஒரு வரியை உன் வரலாற்றில் சேர். மற்றப் பக்கமெல்லாம் நீ என்ன புளுகினாலும் நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

நீ இதைச் செய்தால் பழசையெல்லாம் மறந்துவிடுகிறேன். தம்பி என்று கூப்பிட எனக்கு நீ ஒருத்தன்தான் இருக்கிறாய்.

அன்பு அக்கா,
அன்னக்கொடி


சென்னை – 83
3.12.1990

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை மிகுதியால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நலம். மலர் வெளியாகிவிட்டது. ஒரு பிரதியைத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். விழா ஒரு பெரிய ஓட்டலில் நடந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வழவழப்பான தாள், உள்ளே கலர் படங்கள். என் போட்டோ ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது.

நீ கேட்ட வரியைச் சேர்க்க முடியவில்லை. ஆத்திரப்படாமல் படி. எண்பத்தேழில் நான் கொடுத்த அறிக்கையில் "ஆளற்ற பொட்டல், உரிமை கோருவோர் எவருமில்லை" என்று இருக்கிறது. இப்போது கோயில் இருந்தது என்று நானே எழுதினால், அன்றைக்கு என் கையெழுத்துப் பொய் என்று ஆகாதா? முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் வந்தவன் நான். அதனால் அறிக்கையில் உள்ளபடியே மலரிலும் எழுதிவிட்டேன். வரலாறு என்றால் முன்னுக்குப் பின் முரணில்லாமல் இருக்க வேண்டும்.

பொட்டலில் அரசாங்கக் கிடங்கு வரப்போவதாகக் கேள்வி. ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். ஓர் உடைமரத்துக்கும் இரண்டு இரும்புக்கும் இவ்வளவு சண்டை தேவையா? சாமி எங்கே வைத்துக் கும்பிட்டாலும் சாமிதான். நீ படித்தவள், மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்.

மாசி வருகிறது. என் பங்குத் திருநீற்றை மறக்காமல் அனுப்பவும். செல்லக்கிளிக்கு உடம்பு சரியில்லை. அதைப் பூசினால்தான் அவளுக்கு நிம்மதி.

தம்பி,
வி. காசிமாயன்


நாவலோடைப்பட்டி
15.3.1991

சென்னையில் இருக்கும் காசிமாயனுக்கு,

மலர் வந்தது. படித்தேன். நல்ல தாள், எண்ணெய்கூட ஒட்டாது. பொட்டலின் கலர் படத்தில் ஹெலிகாப்டருக்குப் பின்னால் உடைமரம் தெரிகிறது. அதற்குக் கீழே "ஆளற்ற பொட்டல்" என்று அச்சடித்திருக்கிறீர்கள். ஊரைக் கூட்டி வாசித்துக் காட்டினேன். படித்தவள் எடுத்துச் சொல் என்றாயே, சொல்லிவிட்டேன். பேயாண்டி மட்டும், "அப்ப நாங்கள்லாம் ஆரு?" என்று கேட்டான். அதற்கு மலரில் பதில் இல்லை.

மனு தள்ளுபடி ஆகிவிட்டது. மலரைக் காட்டித்தான் சொன்னார்கள். "ஒங்க ஊர்க்காரரே எழுதியிருக்காரேம்மா" என்று அந்த ஆபீசர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மாசி முடிந்தது. எப்படி முடிந்தது என்று எழுதுகிறேன். உனக்கு எழுதும் வரலாற்றில் இதுதான் கடைசி.

பொழுது சாய்வதற்கு முன்னாலேயே மொக்கையன் பூசாரி வேலி ஓரம் போய்க் குப்புறப் படுத்து, கம்பிக்கு அடியில் கையை நுழைத்தார். முழங்கை வரைக்கும் முள் கிழித்தது. ஒரு பிடி மண் எடுத்துப் புதுத் துணியில் முடிந்தார். பேயாண்டி தன் புஞ்சை மூலையில் இடம் விட்டிருக்கிறான். அங்கே அந்தப் பிடிமண்ணைப் போட்டு, மேலே புது அருவாள் நட்டார்கள். பெட்டி தரையில் படாமல் போய்ச் சேர்ந்தது. ஒரு கைப்பிடி மண்ணுகூட எங்களுது இல்லை என்றவன் கொடுத்த இடம் அது. உன் மாதிரி ஆட்களுக்கு அது விளங்காது, விளங்கவும் வேண்டாம்.

பூசை முடிந்து பங்கு கொடுக்கும் நேரம் வந்தது. முறை உனக்கு மறந்திருக்காது. பூசாரி ஒவ்வொரு பங்காளி பேராகக் கூப்பிட்டுத் திருநீறும் தேங்காய் மூடியும் கொடுப்பார். "விருமாண்டி மகன் காசிமாயன் பங்கு!" என்று வருஷா வருஷம் கூப்பிடுவார். "ஆள் ஊர்ல இல்ல, அக்கா நிக்கிறேன்" என்று சொல்லி நான் முந்தானையில் வாங்குவேன். நீ ஊரை மறந்த வருஷங்களிலும் உன் பேர் அந்த வரிசையிலிருந்து விடுபடாமல் நின்றது அதனால்தான்.

இந்த முறை கூப்பிட ஆரம்பிக்கும் முன்பே பூசாரியிடம் போய், "எங்க வீட்டுப் பேரக் கூப்புட வேணாம்" என்றேன்.

அவர் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார். "ஆத்தா, நல்லா யோசிச்சுக்க. அவன் பேரை விட்டா ஒனக்கும் பங்கு கிடையாது. கட்டிக் குடுத்த பொம்பளப் பிள்ளைக்குத் தனியாக் கூப்புடுற வழக்கம் நம்மகிட்ட இல்ல. ஒரு தடவ விட்டுட்டா விட்டதுதான்."

"தெரியும். விட்டுருங்க."

விட்டுவிட்டார். எல்லாப் பேரும் வந்தது. நம் அய்யா பேர் வரவேண்டிய இடத்தில் பூசாரி கொஞ்சம் நிறுத்தினார். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் வாய் பழக்கத்தில் திறந்துவிட்டது. கையால் பொத்திக்கொண்டேன். உரிமை கோர யாரும் இல்லை என்று அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

வெறும் முந்தானையோடு வீட்டுக்கு வந்தேன். பிறந்ததிலிருந்து அந்தச் சாமிக்கு முன்னால் நின்று வெறுங்கையோடு திரும்பினது இதுதான் முதல் தடவை. உன்னால் எனக்கு ஆன நஷ்டம் இது என்று சொல்லமாட்டேன். இதை நானேதான் செய்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு மறைக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

செல்லக்கிளி உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல டாக்டரிடம் காட்டு.

வழக்கம்போல உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பாய். தட்டாதே. உள்ளே ஒன்றும் இல்லை.

அன்னக்கொடி
சத்துணவு அமைப்பாளர்
நாவலோடைப்பட்டி